பாறை எலிக்கு வேலி

மரம் முளைக்காத உயரத்தில் ஒரு மடம் இருந்தது. வடக்கே யாத்திரை போகிற தமிழ் ஆட்களுக்குச் சோறு போட யாரோ எப்போதோ கட்டியது. கல் சுவர், தகரக் கூரை, பின்னால் ஒரு கொட்டில். கொட்டிலைத் தாண்டினால் புல்சரிவு. சரிவின் தலைமாட்டில் பாறைக் குவியல். அதற்கு மேல் பனி. வர்ணிக்க வேறு எதுவும் கிடையாது.

மடத்தை நடத்தியவர் பூரணி சாமி. வயது முப்பத்தாறு. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவருடைய சீடர் மாசிலாமணி. வயது ஐம்பத்திரண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் போட்டவர். குருவைவிடச் சீடர் பதினாறு வயது மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவைச் சாமி என்பார். இதில் ரெண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கே விறகு கிடையாது. அடுப்புக்கு வறட்டிதான். வறட்டிக்கு மாடு வேண்டும். மாடு என்றால் நம் ஊர் மாடு இல்லை, யாக். தரையைத் தொடுகிற அளவுக்குச் சடை. மடத்தில் ரெண்டு இருந்தன. மாசிலாமணி ஊர் வழக்கப்படி நிறம் பார்த்துப் பெயர் வைத்தார். ஒன்று காரி, ஒன்று செவலை.

வருஷத்தில் ஏழு மாசம் பனி. அந்த ஏழு மாசத்துக்கும் கோடையிலேயே புல் அறுத்து, காயவைத்து, கொட்டிலில் ஏற்றிவிட வேண்டும். மாடு பிழைத்தால் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் மடம் இருக்கும். இல்லாவிட்டால் பூட்டிவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான்.

மாசிலாமணி வந்த முதல் குளிரில் புல் பங்குனியிலேயே தீர்ந்தது. காரி செத்தது. உறைந்த தரையில் குழி தோண்ட முடியாமல் கல்லைப் போட்டு மூடினார்கள்.

ஆனிக் கடைசியில் மாசிலாமணி சரிவில் போய் உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம்தான் எழுந்தார். நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார்.

"சாமி, காரியைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

பூரணி சாமி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"எலி."

அந்த எலிக்கு வால் இல்லை. காது வட்டம். முயல்குட்டியை உருட்டித் திரட்டி வைத்த மாதிரி இருக்கும். மடத்தில் அதைப் பாறை எலி என்பார்கள். பாறை இடுக்கிலிருந்து ஓடி வரும். புல்லைக் கடிக்கும். தின்றது போக, வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு, ரெண்டு பக்கமும் மீசை மாதிரித் தொங்கத் திரும்ப ஓடும். பாறைக்கடியில் குவிக்கும். பொழுது சாயும் வரை இதே வேலை.

"சரிவுல பாதியை அதுதான் தின்னுது சாமி."

"பாதியா?"

"பாதிக்குக் குறையாது. முப்பது வருஷம் வயல்ல எலியோட மல்லுக்கட்டினவன் நான்."

"சரி."

மறுநாள் அவர் உடைந்த கூடாரத்து மூங்கிலை எடுத்துச் சீவினார். வளைத்தார். கயிறு கட்டினார். சாயங்காலத்துக்குள் எட்டு கிட்டி தயார். தஞ்சாவூர்ப் பக்கம் வயல் எலிக்கு வைக்கிற பொறி அது. எலி இரையைத் தொட்டால் மூங்கில் நிமிரும், கயிறு கழுத்தை இறுக்கும்.

பூரணி சாமி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க."

"எங்க சித்தப்பாகிட்ட கத்துக்கிட்டது."

"இதுல மாட்டினா?"

"நொடியில முடிஞ்சிரும். வலி தெரியாது."

"எலி சொல்லுச்சா?"

மாசிலாமணி அடுத்த கிட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"மடத்துல கொல்றதில்லை அண்ணே."

"அப்ப காரி பட்டினி கிடந்து செத்துதே, அது கொலையில்லையா?"

பூரணி சாமி கிட்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"இருக்கலாம்" என்றார். "ஆனா இது எலி மேல இருக்கற கோபம் மட்டும் இல்லை. வேற யார் மேல?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். பிறகு கொட்டிவிட்டார்.

"தம்பி. செல்லையா. ஒரே வீடு, ஒரே வயல். உழறது நான், நாத்து விடறது நான், ராவெல்லாம் தண்ணி கட்டறது நான். அவன், அவன் பொண்டாட்டி, நாலு புள்ளைங்க. எந்நேரமும் வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கும் சாமி. கொல்லையில ஒரு கொய்யா பழுக்க விடமாட்டாங்க. எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லை. யாருக்குன்னு நான் பாடுபடறது? ஒருநாள் ஆளைக் கூப்பிட்டேன். வீட்டு நடுவுல சுவர் வெச்சேன். வயல் நடுவுல முள்ளுக்கம்பி போட்டேன். எட்டு வருஷம் ஆகுது."

"கம்பி போட்டப்புறம்?"

"என் பக்கம் சுத்தமா இருந்துது."

"இப்ப அங்க யார் இருக்கா? உங்க பக்கத்துல."

"பூட்டு."

பூரணி சாமி பருப்புத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். பாடுபடறவன் ஒருத்தன், கடிச்சுத் திங்கறவன் இன்னொருத்தன். இங்க வந்தாலும் இதேதான் இருக்கு. திங்கறவங்களை என்ன செய்யறது?"

"வேலி போடுங்க" என்றார் குரு.

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். அவர் எதிர்பார்த்தது வேறு. பொறுத்துப் போ, எல்லா உயிரும் ஒன்று, இந்த மாதிரி ஏதாவது.

"நெசமாவா?"

"நெசமா. எவ்வளவு வேணும்?"

"சரிவுல பாதி."

"போடுங்க. மாடும் உங்க பொறுப்பு, புல்லும் உங்க பொறுப்பு. நான் குறுக்க வரமாட்டேன்."

வேலிக்கு வலை கொண்டு வந்தவர் ரிக்சின். அந்த மலைக்காரர். கீழே உள்ள ஊரிலிருந்து மடத்துக்கு அரிசி, பருப்பு, கடிதம் எல்லாம் அவர்தான் ஏற்றி வருவார். தமிழ் யாத்ரீகர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். ஆனால் கூப்பிடுகிற வார்த்தையாக அவருக்குத் தெரிந்தது தம்பி ஒன்றுதான். எழுபது வயதுக் கிழவரையும் தம்பி என்பார்.

கோழி வலைச் சுருளை இறக்கிவிட்டு அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"கோழி எங்கே தம்பி?"

"கோழி இல்லை. எலி உள்ளே வரக் கூடாது. அதுக்கு."

ரிக்சின் சிரித்தார். நிறுத்தினார். மறுபடி சிரித்தார்.

"மாடு உள்ளே வரலாமா?"

"வரக் கூடாது."

"நீ அறுப்பியா?"

"அறுக்க மாட்டேன். அது நிக்கட்டும். நிக்கிற வைக்கோல்போர் மாதிரி. வெளியில இருக்கற பாதியை வருஷா வருஷம் அறுத்துக்குவோம். மோசமான குளிர் வந்தா இதைத் திறப்போம். யாரும் வாய் வைக்காத புல்லு."

"எலி தின்னும், அங்கேயே போடும். எரு தம்பி, எரு."

"அந்த எருவை நம்பி எங்க ஊர்ல யாரும் வயல் போடலை."

"இது உங்க ஊர் இல்லை" என்று சொல்லிவிட்டு ரிக்சின் டீ குடிக்கப் போனார்.

வேலி அடிக்க இருபத்திரண்டு நாள் ஆனது. ஒரு முழத்துக்குக் கீழே தரை கோடையிலும் ஐஸ். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். மாசிலாமணி வலையின் அடியை வெளிப்பக்கம் மடித்துப் புதைத்தார், எலி தோண்டி நுழையாமல் இருக்க. மேலே எண்ணெய் டின்னை வெட்டித் தட்டித் தகரப் பட்டை வைத்தார், ஏறிக் குதிக்காமல் இருக்க. உள்ளே மாட்டிக்கொண்ட எலிகளைச் சாக்கில் பிடித்து வெளியே விட்டார். ஒன்றுகூடச் சாகவில்லை. வேலை சுத்தம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் கோடை முடிவில் உள்ளே புல் முழங்காலைத் தொட்டது. வெளியே கணுக்காலுக்குக் கீழே, நாவிதன் கத்தரித்த தலை மாதிரி இருந்தது.

மாசிலாமணி குருவை இழுத்துவந்து காட்டினார்.

"பாருங்க சாமி."

"உயரமா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"நல்லா உயரமா இருக்கு."

அந்தக் குளிர் மிதமாகப் போனது. வெளியே அறுத்த புல்லே செவலைக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு மாட்டு வறட்டியில் ரெண்டு பேருக்குக் கஞ்சி கொதித்தது. வேலியைத் திறக்கத் தேவைப்படவில்லை.

ரெண்டாவது கோடையில் உள்ளே இருந்த புல் தன் பாரத்தில் தானே சாய்ந்து படுத்தது. அதன் மேல் புதுப் புல் வந்தது. மாசிலாமணி அதை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். மெத்தை மாதிரி அமுங்கும். திருப்தியாகத் தலையாட்டுவார்.

ஒருநாள் பூரணி சாமி சாப்பாட்டுத் தட்டோடு சரிவுக்கு வந்தார். வெளியே எலி மேய்கிற இடத்தில் தட்டைக் கவிழ்த்தார். அதைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார். தட்டை எடுத்துவிட்டு அந்த வட்டத்துக்குள் குனிந்து எண்ணினார்.

"பதினாலு தினுசு" என்றார். "மூணு புல்லு. இது மஞ்சப் பூ. இது இருமலுக்குப் போடறமே, அந்த வெள்ளைப் பூ. இது தரையோட தரையா மெத்தை கட்டுற செடி. இதுக்கு எனக்குப் பேர் தெரியாது."

பிறகு வேலியைத் தாண்டி உள்ளே போய்த் தட்டைக் கவிழ்த்தார். இங்கே எண்ணுவதற்கு முன்னால் காய்ந்த புல்லை விலக்க வேண்டியிருந்தது.

"நாலு. அதுல ஒண்ணு பாசி."

"தினுசா முக்கியம் சாமி? எடை போட்டுப் பாருங்க. உள்ளே இருக்கறது மூணு மடங்கு வரும்."

"எடைதான் முக்கியமா?"

"மாடு வயித்தால சாப்பிடுது."

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் வெளியே போய் அந்த வெள்ளைப் பூவை நாலு பறித்துக்கொண்டார். அவருக்கு இருமல் இருந்தது. உள்ளே அந்தப் பூ இல்லை.

அந்தக் கோடையிலேயே ரிக்சின் ஒரு தபால் கார்டு கொண்டு வந்தார். செல்லையா எழுதியது. அண்ணனைப் பார்க்க வரலாமா, எந்த ரயில், எந்த பஸ் என்று கேட்டிருந்தான். கம்பி போட்ட பிறகு பிறந்த கடைசிப் பெண்ணுக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது என்று சொல்ல, அவள் கையாலேயே பெரியப்பா நலமா என்று ஒரு வரி.

மாசிலாமணி அதை ரெண்டு தடவை படித்தார். பிறகு மடித்துக் கொட்டில் கதவின் இடுக்கில் சொருகினார். காற்றில் அந்தக் கதவு தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அளவாக இருந்தது.

"பதில்?" என்றார் ரிக்சின்.

"ஒண்ணும் இல்லை."

"நான் சும்மா இறங்கணுமா தம்பி?"

"சும்மா இறங்குங்க."

மூன்றாவது கோடையில் செவலை ஈன்றது. சாம்பல் நிறக் கன்று. மயிலை என்று பெயர் வைத்தார் மாசிலாமணி. அது நடக்கப் பழகிய நாளிலிருந்து அவர் பின்னாலேயே சுற்றியது. அவர் தலைப்பாகையை மென்றது. அவர் அதைத் திட்டவே இல்லை.

அந்த வருஷம் யாத்ரீகர்கள் அதிகம் வந்தார்கள். சமையல், பாத்திரம், தண்ணீர் என்று வேலை முதுகை ஒடித்தது. புரட்டாசியில் வெளியே புல் அறுக்க வேண்டிய நேரம். மாசிலாமணி பாதி அறுத்துவிட்டு அரிவாளைக் கழுவினார்.

"போதுமா அண்ணே?" என்றார் குரு.

"போதும் சாமி. உள்ளே இருக்கே."

ரெண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார்.

"ரெண்டு வாய் ஆச்சு. போதுமா?"

"மூணு வருஷப் புல்லு உள்ளே நிக்குது சாமி. ஆறு மாடு வந்தாலும் தாங்கும்."

ரிக்சின் மலை இறங்குகிற கடைசி நாளில், பனி விழத் தொடங்கியிருந்தது. குரு மூன்றாவது தடவை கேட்டார்.

"போதுமா?"

"சாமி, நீங்க என்னை நம்பலை."

"புல்லு உங்க பொறுப்புன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்."

அந்தக் குளிர்தான் மோசமான குளிர்.

தை முழுக்கக் கொட்டியது. சரிவில் இடுப்பளவு பனி. முந்தைய வருஷங்களில் செவலை பனியைக் குளம்பால் கிளறி அடியில் இருப்பதை மேயும். இந்தத் தடவை கிளறிக் கிளறி அதன் குளம்புதான் தேய்ந்தது. மாசி பத்தாம் தேதி கொட்டிலில் கடைசிக் கட்டு அவிழ்ந்தது. பனி இளக இன்னும் ரெண்டு மாசம் இருந்தது.

மாசிலாமணி கலங்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டார். செவலையையும் மயிலையையும் ஓட்டிக்கொண்டு வேலிக்குப் போனார். மூன்று வருஷமாக அவர் காத்திருந்த நாள் அது. அவர் முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பனியை வெட்டி ஒதுக்கினார். புல் தெரிந்தது. சாம்பல் நிறம். பழைய விளக்குமாறு மாதிரி. ஒரு பிடி பிடுங்கிச் செவலையின் வாயருகே நீட்டினார்.

செவலை முகர்ந்தது. மூக்கால் ஊதியது. தலையைத் திருப்பிக்கொண்டது.

"தின்னுடி."

தின்னவில்லை.

மேல் புல்லை ஒதுக்கினார். அதற்குக் கீழே போன வருஷத்துப் புல், கறுத்து ஒட்டிக்கிடந்தது. அதற்கும் கீழே அதற்கு முந்தைய வருஷத்தது, விரல் பட்டதும் பொடிந்தது. அதற்கும் கீழே பாசி, ஒரு சாண் கனம், ஈரக் கம்பளி மாதிரி. பாசிக்குக் கீழே ஐஸ். மாசிலாமணி முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு பச்சைக் குருத்து அகப்படவில்லை.

அவர் விவசாயி. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செத்த புல் போர்வை போட்டு மூடியிருக்கிறது. அடியில் வெயில் படவில்லை. தரை சூடேறவே இல்லை. பாசி வந்து உட்கார்ந்துகொண்டது. முளைக்கிறதுக்கு இடமும் இல்லை, எருவும் இல்லை.

வேலிக்கு வெளியே வந்து அங்கேயும் ஒரு குழி வெட்டினார். வெட்டும்போதே தெரிந்தது. ஒட்ட நறுக்கின புல், விரல் உயரம்தான். ஆனால் அடி பச்சை. உறைந்த பச்சை. செவலை அவரைத் தள்ளிவிட்டு அதில் வாயை வைத்தது. நாலு கடியில் அந்தக் குழி தீர்ந்தது.

நாலு கடி. இடுப்பளவு பனிக்கு நாலு கடி.

மயிலை கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

மாசிலாமணி வெறிபிடித்த மாதிரி வெட்டினார். ஒரு குழி, ரெண்டு குழி, பத்துக் குழி. மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் அப்படி வேலை செய்தால் ஆள் விழுந்துவிடுவான். அவர் விழுந்தார். எழுந்து பார்த்தபோது செவலை அங்கே இல்லை.

செவலை மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாறைக் குவியலை நோக்கி. பாறைகள் காற்றடிக்கிற பக்கம், அங்கே பனி தங்கவில்லை. ஒரு பெரிய பாறைக்கடியில் தலையை நுழைத்தது. கழுத்தை ஆட்டியது. வெளியே எடுத்தபோது அதன் வாய் நிறையப் புல். காய்ந்த புல், ஆனால் பச்சை போகாதது. மஞ்சள் பூ, வெள்ளைப் பூ எல்லாம் இலையோடு காம்போடு அப்படியே.

பாறை எலி கோடையெல்லாம் கவ்விக்கொண்டு ஓடியது அதுதான்.

மாசிலாமணி தவழ்ந்து ஏறினார். பாறைக்கடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். ஆடி மாசத்து வாசனை அடித்தது. அடுத்த பாறையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு குவியல். அதற்கடுத்ததிலும்.

கீழிருந்து பூரணி சாமி சாக்குகளோடு வந்துகொண்டிருந்தார். மயிலையின் மேல் ஒரு கம்பளி போர்த்தியிருந்தார். பனியில் அவருக்கும் மூச்சிரைத்தது.

மாசிலாமணி அவரைப் பார்த்தார். கண்ணில் நீர் வந்து மீசையில் உறைந்திருந்தது.

"சாமி, எடுக்கலாமா?"

"எடுங்க."

"எவ்வளவு எடுக்கட்டும்?"

"உங்க கணக்குதான் அண்ணே. பாதி."

ஒவ்வொரு குவியலிலும் பாதி எடுத்தார்கள். மீதியைப் பாறைக்கடியில் திரும்பத் தள்ளி, காற்றுப் புகாமல் கல் வைத்தார்கள். ஒரு இடத்தில் எலி ஒன்று வெளியே வந்தது. உள்ளங்கை அளவு. நகரவில்லை. மாசிலாமணியைப் பார்த்து ஒரு கீச்சு விட்டது. நல்ல வசவுதான் அது, சந்தேகமே இல்லை.

"பாதிதான் எடுத்தேன்" என்றார் மாசிலாமணி.

அது மறுபடி கத்தியது.

"சத்தியமா பாதிதான்."

எலிப் புல் மட்டும் ரெண்டு மாசத்துக்குப் போதவில்லை. போதும் என்று சொன்னால் பொய். தினமும் விடிந்ததும் மாசிலாமணி வெளிச்சரிவில் குழி வெட்டினார். இருபது குழி, முப்பது குழி. மடத்தில் இருந்த மாவில் பாதியைக் கூழாக்கி மயிலைக்கு ஊட்டினார்கள். மீதிப் பாதியில் இவர்கள் ரெண்டு பேரும் குடித்தார்கள். மாசிலாமணிக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டார். பூரணி சாமியின் இருமல் நிற்கவில்லை.

ஒருநாள் கூழ் கிண்டும்போது மாசிலாமணி கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா சாமி?"

"எலி இல்லாத இடத்துல பாசி ஏறும்னு தெரியும். இவ்வளவு பனி விழும்னு தெரியாது. மூணு தடவை கேட்டேன், போதுமான்னு."

"ஏன் வேலி வேணாம்னு சொல்லலை?"

"சொல்லியிருந்தா?"

மாசிலாமணி யோசித்தார். "கிட்டி வெச்சிருப்பேன்" என்றார். "உங்களுக்குத் தெரியாம."

"மயிலை செத்தா என் மேலதான் பழி" என்றார் குரு. "அது எனக்குத் தெரியும். கூழ் அடிபிடிக்குது, கிண்டுங்க."

மயிலை சாகவில்லை. செவலையும் சாகவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் நின்றன. அடுப்பு ஒருநாளும் அணையவில்லை.

வைகாசியில் பனி போனது. வெளிச்சரிவு ஒரே வாரத்தில் பச்சையானது. பத்தாவது நாள் மஞ்சள் பூ வந்தது. பாறையடியில் எலிகளும் இருந்தன. இளைத்துப்போய், ஆனால் இருந்தன. வேலிக்குள் சாம்பல் நிறம். வலை ஓரத்தில் நின்று பார்த்தால் கோடு போட்ட மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் உயிர். அந்தப் பக்கம் வைக்கோல்.

மாசிலாமணி கடப்பாரையை எடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. தகரப் பட்டையைக் கழற்றினார். குச்சிகளைப் பிடுங்கினார். புதைத்த வலையை அடியோடு இழுத்தார். போட இருபத்திரண்டு நாள் ஆன வேலி, பிடுங்க மூன்று நாள்.

ரிக்சின் அந்த வருஷத்து முதல் சரக்கோடு ஏறி வந்தார். சுருட்டி வைத்த வலையைப் பார்த்தார்.

"இப்ப கோழி வாங்கலாமா தம்பி?"

"வாங்க வேணாம்."

"கதவு அடிக்குதே தம்பி" என்றார் ரிக்சின். கொட்டில் கதவு காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இடுக்கில் செல்லையாவின் கார்டு இல்லை.

மாசிலாமணி வலைச் சுருளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்து நின்றார். பூரணி சாமி வந்து பக்கத்தில் நின்றார்.

ஒரு பாறை எலி, வேலி இருந்த கோடு வரை ஓடி வந்தது. நின்றது. பழக்கம். மூன்று வருஷமாக அங்கே வலை. பிறகு ஒரு காலை உள்ளே வைத்தது. காய்ந்த புல்தாள் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. திரும்பி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி உள்ளே போய், செத்த புல்லைக் கடித்து ஒதுக்கிவிட்டு, அடியில் முகத்தை நுழைத்து எதையோ தேடியது.

"இது பச்சையாக எத்தனை வருஷம் ஆகும் சாமி?"

"வேலி எத்தனை வருஷம் இருந்துச்சு?"

"மூணு."

"இதைக் கேக்கலை அண்ணே" என்றார் குரு. "ஊர்ல இருக்கறதைக் கேட்டேன்."

மாசிலாமணி வலையைக் கீழே இறக்கி வைத்தார். மடியில் இருந்த அந்தக் கார்டை எடுத்துப் பிரித்தார்.